நீனாவைத் தெரிந்தவர்கள்

நல்லம்பள்ளியில் நீனாவைத் தெரிந்தவள் உமைரா ஒருத்திதான். நீனா ரஷ்யாக்காரி. நிஜத்தில் இருந்தவள்கூட இல்லை, ஒரு நாவலில் வருகிறவள். இப்படிச் சொன்னால் உமைராவுக்குக் கோபம் வரும். நிஜத்தில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் மனசில் நாலு நாள் தங்குகிறார்கள் என்று திருப்பிக் கேட்பாள். கேட்க ஆள் கிடைத்தால் கேட்பாள். அந்த ஆள் கிடைக்காததுதான் அவளுடைய கஷ்டமே.

அவள் தருமபுரியில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அத்தா அக்பர் அலி தையல்காரர்களுக்கு நூல், பட்டன், ஜிப், லைனிங் துணி விற்கிற கடை வைத்திருக்கிறார். அம்மா ஷரீபுன்னிசாவுக்குச் சமையலறையும் தொலைக்காட்சித் தொடரும் போக மிச்ச நேரத்தில் மகளின் கல்யாணக் கவலை. பாசத்துக்குக் குறைவில்லாத வீடு. வாய்க்கு ருசியாகச் சோறும் உண்டு. பேச்சுக்குத்தான் பஞ்சம். அதாவது உமைராவுக்கு வேண்டிய பேச்சுக்கு.

ரஷ்யப் புத்தகங்கள் அவளைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு மின்விசிறி என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஏழாம் வகுப்புக் கோடை விடுமுறையில் நூலகத்துக்குப் போனபோது, உருப்படியாகக் காற்று வந்த ஒரே மூலையில் ரஷ்ய மொழிபெயர்ப்புகள் இருந்த அலமாரி நின்றது. காற்றுக்காக உட்கார்ந்தவள் சும்மா இருக்க முடியாமல் ஒன்றை எடுத்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று பெயர், அது போக ஒரு செல்லப் பெயர். மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு மூடி வைக்கிற இடத்தில் இவளுக்கு விளையாட்டு தொடங்கியது. பனி என்றால் மார்கழியில் தொப்பூர் பக்கம் பஸ் கண்ணாடியில் படிவதுதான் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் புத்தகங்களில் முழங்கால் வரை பனியில் நடந்தவர்களோடு அவளும் நடந்தாள். கல்லூரியில் சேர்வதற்குள் அந்த அலமாரி தீர்ந்துவிட்டது.

அதில் ஒன்றின் முன்னுரையில்தான் தடைப் புத்தகங்களைப் பற்றிப் படித்தாள். அந்த நாட்டில் அரசாங்கம் வேண்டாமென்று ஒதுக்கிய நாவல்களை ஆட்கள் வீட்டிலேயே தட்டச்சு செய்வார்களாம். நாலைந்து கார்பன் தாள் வைத்து அடித்து, ஒரு பிரதியைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை நம்பிக்கையான ஆட்களுக்குக் கொடுப்பார்களாம். வாங்கினவர் ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்தவருக்குத் தரவேண்டும். மாட்டினால் வேலை போகும், சிறையும் உண்டு. இதைப் படித்த அன்று உமைராவுக்கு அவர்களுடைய தைரியத்தைவிட வேறொன்றின் மேல்தான் பொறாமை வந்தது. ஒரு புத்தகத்தைக் கொடுக்க ஓர் ஆள், வாங்க ஓர் ஆள், பிறகு அதைப் பற்றி மெல்லிய குரலில் பேச இரண்டு பேர். அங்கே உயிரைப் பணயம் வைத்து வாங்கினார்கள். இங்கே சும்மா கொடுத்தாலும் வாங்க நாதியில்லை.

புத்தகத் திருவிழாவில் ஒரு கடையின் மூலைக் குவியலில் அந்த நாவல் கிடைத்தது. சிவப்பு அட்டை. ‘தன் சொந்த நாட்டில் தடைசெய்யப்பட்ட நாவல்’ என்று தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். விற்கிறவர்களுக்குத் தெரியாதா எதைப் பெரிதாகப் போடவேண்டுமென்று. இரண்டு நாளில் படித்து முடித்தாள். ஸ்தெபான் என்ற பள்ளி ஆசிரியர், அவர் மனைவி நீனா, அவர்களுக்கு ஒரு சின்ன மகள். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் நீனா ஒரு ஜன்னல் முன்னால் நிற்கிறாள். அதைப் படித்த அன்று உமைரா சாப்பிடவில்லை. அம்மா காரணம் கேட்டபோது, நீனா என்று ஒருத்தி என்று ஆரம்பித்தாள். எந்த சேனல் என்று அம்மா கேட்டாள்.

பிறகு வகுப்புத் தோழி பூவிழியிடம் கொடுத்துப் பார்த்தாள். பூவிழி நல்ல பெண், கொடுத்த பொருளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தந்தபோது புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அழகாக அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, உமைராவின் பெயரும் எழுதியிருந்தாள். உள்ளே ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. உமைரா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அந்தப் பழுப்பு அட்டையைக் கிழித்துப் போட்டாள். கிழித்தது தப்பாகப் போயிற்று, சிவப்பு அட்டை அத்தாவின் கண்ணில் பட்டது.

அக்பர் அலி சத்தம் போடுகிற மனுஷன் இல்லை. புத்தகத்தைக் கையில் எடுத்து அந்த வரியை இரண்டு தரம் படித்தார். இது வேறு நாட்டுத் தடை, அதையும் அவர்களே எப்போதோ நீக்கிவிட்டார்கள், இங்கே பகிரங்கமாக விற்கிறார்கள் என்று உமைரா விளக்கினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

“நீ சொல்றதெல்லாம் சரிதான்மா. ஆனா வூட்டுக்கு வர்றவங்க அட்டையத்தான் படிப்பாங்க. நம்ம பேரு இருக்கற வூட்ல தடைங்கற அந்த வார்த்தை இருக்க வேணாம்.”

உமைராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று முழுக்க அத்தாவிடம் பேசவில்லை. சாயங்காலம் அவர் கடை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, நாலடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். பயந்தே பழகிய மனுஷன் என்று தோன்றியதும் அவள் கோபம் போய்விட்டது. வருத்தம் மட்டும் நின்றது. மறுநாள் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய் டைப்ரைட்டிங் வகுப்பில் தன் மேஜை டிராயரில் வைத்தாள்.

வகுப்பு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. மாது சார் நடத்துகிறார். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருஷமான பிறகும் அரசாங்க வேலைக்குத் தட்டச்சுச் சான்றிதழ் கேட்கிறார்கள், அதனால் அந்தப் பழைய இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. மகளுக்கு டைப்பிஸ்ட் உத்தியோகம் கிடைத்துவிட்டால் மாப்பிள்ளை தானாக வருவார் என்று அத்தா சேர்த்துவிட்டார். பரீட்சை வரைக்கும்தான், அதற்குப் பிறகு அனுப்புவதில்லை என்பது அம்மாவின் நிபந்தனை. உமைராவுக்கு விரல் நகராது. பயிற்சிப் பத்தியில் ஓர் ஊரைப் பற்றி வந்தால், அந்த ஊர் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

பக்கத்து மேஜையில் காவியா. இண்டூர் பக்கத்துப் பெண், அப்பா முனிராஜ் விவசாயி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு அஞ்சல் வழியில் பட்டப் படிப்பு. உமைராவுக்கு ஒரு வயது இளையவள், அதனால் அக்கா என்பாள். அவள் விரல்களைப் பார்ப்பதற்கென்றே மாது சார் புதிதாகச் சேருகிறவர்களை அழைத்து வருவார். அப்படிப்பட்ட காவியாவுக்கும் ஒரு குறை இருந்தது. பயிற்சிப் புத்தகத்துப் பத்திகள் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன, புதுசாக எதையாவது வைத்தால் வேகம் இறங்கிவிடுகிறது, பரீட்சைக்குப் புதுப் பத்திதானே வரும் என்று புலம்பினாள்.

உமைரா டிராயரைத் திறந்தாள். இதைப் போட்டுப் பழகு, பெரிய புத்தகம், பரீட்சை வரைக்கும் வரும் என்றாள்.  கைக்கெட்டிய தூரத்தில் ஓர் ஆள் கிடைத்துவிட்டாள் அல்லவா. ஒரு புத்தகத்தை எழுத்தெழுத்தாக அடிக்கிறவள் அதைப் படிக்காமல் இருக்க முடியுமா? ரஷ்யாவிலும் தட்டச்சு செய்தவர்கள்தானே முதல் வாசகர்கள்? சமைக்கிறவள் உப்புப் பார்க்காமல் இருப்பாளா? இப்படியெல்லாம் அவள் கணக்குப் போட்டாள். நோன்பு மாதத்தில் அவள் அம்மாவே தினமும் உப்புப் பார்க்காமல்தான் கஞ்சி காய்ச்சுகிறாள் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு உமைராவுக்கு வகுப்பு இனித்தது. கல்லூரி விட்டதும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடி வருவாள். காவியா அந்தப் புத்தகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அடிப்பாள், உமைரா பக்கத்தில் உட்கார்ந்து எந்த இடம் வருகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். அடித்த தாள்களைப் பிழை பார்த்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொள்வாள். பிழையே இருக்காது. ஸ்தெபான் ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசிய அத்தியாயத்தைக் காவியா அடித்த அன்று, உமைரா அந்தத் தாள்களை இரண்டு தரம் படித்தாள். எப்படி இருக்கிறது என்று காவியாவிடம் கேட்க வேண்டும்போல இருந்தது. ஆனால் கேட்கவில்லை. கதை பாதியில் இருக்கும்போது கேட்டால் கெட்டுவிடும், ஜன்னல் அத்தியாயம் வரட்டும், அதைப் படித்துவிட்டு அவளே வருவாள் என்று காத்திருந்தாள்.

ஒரே ஒரு நாள் காவியா தானாகப் பேசினாள்.

“என்னங்க்கா இந்த ஆளுங்க பேரெல்லாம் இப்படி வெச்சிருக்காங்க. ஷிஃப்ட் அமுக்கி அமுக்கி சுண்டு வெரலு செத்துப் போச்சு.”

இதைக் கேட்டு உமைரா அன்று ராஜநடை போட்டு வீட்டுக்குப் போனாள். பெயர்கள் விரலில் ஏறிவிட்டன, இனி மனசில் ஏறத் தடையென்ன என்று நினைத்தாள். ஆசை வந்துவிட்டால் மனுஷருக்கு எதையும் தன் பக்கமாகத் திருப்பிக்கொள்ளத் தெரியும்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜன்னல் அத்தியாயம் வந்தது. உமைரா தன் இயந்திரத்தில் தாளைக்கூட ஏற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பக்கத்துச் சத்தத்தை மட்டும் கேட்டாள். ஒவ்வொரு வரியும் அவளுக்கு அத்துப்படி, வரி முடிவில் இயந்திரத்தின் மணி அடிக்கிறதை வைத்தே நீனா எங்கே நிற்கிறாள் என்று தெரிந்தது. வரிசையில் வந்துவிட்டாள். ஜன்னலுக்கு வந்துவிட்டாள். இப்போது ஜன்னலுக்குள் இருக்கிற ஆள் சொல்லப் போகிறான். சத்தம் நிற்கும், ஒரு நொடியாவது நிற்கும் என்று உமைரா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் நிற்கவில்லை. அதே வேகத்தில், அதே தாளத்தில் ஜன்னல் மூடியது. காவியா தாளை உருவி எடுத்து மேஜையில் வைத்தாள். கையை உதறிக்கொண்டு நேரத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒரு திருப்தி.

நானும்தான் உடனே அழவில்லை, சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் அழுதேன் என்று உமைரா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். இருவரும் கீழே இறங்கினார்கள். இண்டூர் போகிற பஸ் இன்னும் வரவில்லை. நிறுத்தத்தில் தக்காளிக் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். இனி பொறுக்க முடியாது என்று உமைரா கேட்டுவிட்டாள்.

“நீனாவ நெனச்சா எப்படி இருக்குது காவியா?”

காவியா திரும்பிப் பார்த்தாள். யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அதுதான் கொடுமை.

“எந்த நீனாங்க்கா? நம்ம கிளாஸா?”

 இன்னிக்கு அடிச்சியே, இத்தனை நாளா அடிக்கிறியே என்றாள் உமைரா. காவியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் முகம் சுருங்கிப் போயிற்று. தான் எதையும் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள். அர்த்தம் பார்த்தால் வேகம் போய்விடும், எழுத்து கண்ணில் விழுந்து விரலில் இறங்கிவிட வேண்டும், மனசுக்குள்ளே விடக்கூடாது என்று சொன்னாள். அப்படித்தான் பழகியிருக்கிறாள். அதனால்தான் அவள் கெட்டிக்காரி. குற்றம் சொல்ல இதில் என்ன இருக்கிறது?

உமைரா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிட்டத்தட்ட ஒரு நாவல் முழுக்க, ஒரு பிழையில்லாமல், ஒருத்தியின் கண் வழியாகப் போய் விரல் வழியாக வெளியேறிவிட்டது. ஓர் ஆள்கூட உள்ளே நிற்கவில்லை. இத்தனை நாளும் அந்த மாடி அறையில் தான் மட்டும்தான் இருந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. தனிமை அவளுக்குப் பழகினதுதான். கூட ஆள் இருக்கிறது என்று நம்பிவிட்டுத் திரும்பிப் பார்ப்பது பழகாதது.

“கோச்சுக்காதீங்க்கா” என்றாள் காவியா. “பஸ் வர்ற வரைக்கும் சொல்லுங்க, கேக்கறேன். யாரு அந்த நீனா?”

மரியாதைக்குக் கேட்கிறாள் என்று தெரிந்தும் உமைரா சொன்னாள். பசித்தவள் பழையது என்று பார்ப்பாளா. ஸ்தெபான் கூட்டத்தில் எழுந்து, களஞ்சியம் காலி, ஊர் பட்டினி கிடக்கிறது என்று உள்ளதைச் சொன்னதையும், அவரைப் பிடித்துக்கொண்டு போனதையும் சொன்னாள். நீனா ஒவ்வொரு மாதமும் ரயில் ஏறிப் பட்டணத்துச் சிறைக்குப் போகிறாள். பார்க்க விடமாட்டார்கள். சுவரில் ஒரு சின்ன ஜன்னல். பொட்டலத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். வாங்கிக்கொண்டால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம், வேறு சேதி கிடையாது. அந்த மாதம் வீட்டில் ஒன்றுமில்லை. இருந்த உருளைக்கிழங்கை உப்புப் போட்டு வேக வைத்து, ஆறிவிடாமல் சால்வைக்குள் மார்போடு அணைத்து எடுத்துப் போகிறாள். ஜன்னலில் இருந்தவன் பெயரைக் கேட்டுவிட்டுப் பொட்டலத்தைத் திருப்பித் தள்ளுகிறான். இனி கொண்டு வர வேண்டாம் என்கிறான். ஜன்னல் மூடுகிறது.

காவியா கூடையில் சாய்ந்து நின்றபடி கேட்டாள். பஸ் வந்து நின்றது. ஏறும்போது படியில் நின்று திரும்பினாள்.

“அப்பறம் அந்தக் கெழங்க என்னங்க்கா பண்ணாங்க அவங்க?”

  பஸ் கிளம்பிவிட்டது. நாலு தரம் படித்தவள் உமைரா. ஒரு தரம்கூட அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவில்லை. புத்தகத்திலும் பதில் இல்லை. ஜன்னல் மூடியதோடு அத்தியாயம் முடிகிறது, அடுத்ததில் வசந்தம் வந்துவிடுகிறது.

மறுநாள் காவியா வரவில்லை, அதற்கு மறுநாள் பரீட்சை. இருவருக்கும் வேறு வேறு மையம். பரீட்சை முடிந்தது, வகுப்பும் முடிந்தது. டிராயரைக் காலி செய்யச் சொன்னார்கள். உமைரா புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு வீட்டுக்கே எடுத்து வந்தாள். அத்தா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அட்டையில் இப்போது ஒரு மசூதிப் படம் இருந்தது.

அந்தக் கேள்வி மட்டும் அவளை விடவில்லை. கல்லூரி பஸ்ஸிலும், கடையில் அத்தாவுக்குப் பட்டன் பிரித்துக் கொடுக்கும்போதும் அதையே நினைத்தாள். தின்றிருப்பாளா? மனசு வராது. வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போயிருப்பாளா? மகள் கேட்டால் என்ன சொல்வாள்? பனியில் போட்டிருப்பாளா? பட்டினி ஊர்க்காரி எதையும் கீழே போடமாட்டாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஈரக் கையோடு நின்றுவிட்டாள். இதைச் சொல்ல உலகத்தில் ஓர் ஆள்தான் உண்டு.

காவியா கொடுத்திருந்தது அவள் அப்பாவின் எண். உமைரா மாடிப்படியில் உட்கார்ந்து அழைத்தாள். முனிராஜ்தான் எடுத்தார். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம். டைப்ரைட்டிங்கில் கூடப் படித்தவள் என்று சொன்னாள். காவியா கழனியில் கடைசிக் கோடியில் இருக்கிறது, என்ன சேதி சொல்லுங்கம்மா, சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட உமைரா நினைத்தாள். வைத்தால் மறுபடி அழைக்கத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

“அந்தக் கெழங்க, வரிசையில பின்னால நின்ன பொம்பளைக்குக் குடுத்துட்டாங்கன்னு சொல்லுங்க. அதுக்குத் தெரியும்.”

“கெழங்கா? மரவள்ளிங்களா?”

“உருளைங்க. வேக வெச்சது.”

முனிராஜ் மறந்துவிடாமல் இருக்க ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு தயங்கினார்.

“ஏம்மா, அந்தம்மாளுக்கு வேண்டாமாங்களா?”

“அவங்க வூட்டுக்காரருக்குக் கொண்டு போனதுங்க. அவரு தவறிட்டாரு. அங்க போனப்பறந்தான் தெரிஞ்சுது.”

மோட்டார் சத்தம் நின்றது. அவர் போய் நிறுத்தியிருக்க வேண்டும்.

“அடடா. என்ன வயசுங்க?”

“நாப்பது இருக்கும்ங்க.”

“புள்ளைங்க?”

“ஒரு பொண்ணு. சின்னது.”

 முனிராஜ் பெருமூச்சு விட்டது உமைராவுக்குக் கேட்டது. இது கதை, புத்தகத்தில் வருவது என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சொல்லவில்லை. ஸ்தெபான் செத்து இத்தனை நாளில் முதன்முதலாக ஒரு மனுஷன் துக்கம் விசாரிக்கிறார், அவரை எப்படித் தடுப்பாள்?

“நீங்க போயி அந்தம்மாளப் பாத்தீங்களா?”

“நாலு தடவ போயிட்டு வந்தேனுங்க.”

“போங்கம்மா. வுட்டுடாதீங்க, போயிக்கிட்டே இருங்க. சாவு வூட்டுக்கு மொத நாள் எல்லாரும் வருவாங்க, அப்பறம் ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க.” பிறகு, அதுவே தன் வீட்டுக் காரியம்போல, முடிவாகச் சொன்னார். “நான் காவியாகிட்ட சொல்றேன். அடுத்த தடவ போறப்ப அதையும் கூட்டிக்கிட்டுப் போங்க. நீங்க ஒருத்தராப் போக வேணாம்.”

உமைராவுக்கு அழுகை வந்துவிட்டது. சரிங்க என்று சொல்ல இரண்டு தரம் முயன்றாள், மூன்றாவது தரம் வந்தது.